நாங்களே வைத்த பழுது

போன வாரம் ஷா ஆலமிலிருந்து என் மகள் போன் செய்தாள். புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபையர் மெதுவாக வைத்தால் நன்றாகப் பாடுகிறதாம், சத்தத்தைக் கூட்டினால் ‘டொக்’கென்று நின்றுவிடுகிறதாம், முகப்பில் சிவப்பு விளக்கு எரிகிறதாம். பின்பக்கம் போய் ஸ்பீக்கர் வயரைப் பார் என்றேன். செப்பு இழை ஒன்று பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டும் தொடாமலும் நின்றிருக்கிறது. அதை நறுக்கினாள், செட் பாடியது.

“இவ்வளவுதானாப்பா? இதைத்தான் ஆயுசு பூரா பார்த்தீங்களா?” என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனிடம் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். அவள் மேல் தப்பில்லை. இப்போது செட் கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குகிறார்கள். ஆனால் சத்தம் கூட்டினால் நிற்கும் செட் என்றாலே எனக்குக் கிள்ளானில் ஒரு வீடுதான் ஞாபகம் வரும். அதை இதுவரை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. கேட்டவர்கள் சிரிப்பார்களோ, அழுவார்களோ என்ற யோசனையில் விட்டுவிட்டேன். இனி எழுதிவிடுகிறேன்.

நான் பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். எண்ணெய்ப் பனைக்கு அப்பால் ஏதாவது ஒரு வேலை வேண்டும் என்று அஞ்சல் வழியில் ரேடியோ பாடம் படித்தேன். படித்தது பாதி, புரிந்தது அதில் பாதி. எழுபதுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பொன்னுத்துரை ஐயாவின் ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். தொண்ணூறுகளில் கடை மூடும்வரை அங்கேயே இருந்தேன். என் படிப்பு, பயிற்சி, உத்தியோகம் எல்லாம் அந்த ஒரே மேசைதான்.

ஐயா யாழ்ப்பாணத்துக் குடும்பம். தந்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு கடை வைத்தவர். வெள்ளைச் சட்டை, முழுக்கை, காலர் பொத்தான் வரை போட்டிருப்பார். சாலிடர் போடும்போதுகூட கையை மடிக்க மாட்டார். சத்தம் போட்டுத் திட்டியதில்லை. தப்பு செய்தால் செய்த வேலையை என் முன்னாலேயே பிரித்து, பாகங்களை வரிசையாக அடுக்கி, “திருப்பிச் செய்யும்” என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

ஒரு செட் வந்தால் அவர் முதலில் ஸ்குரூடிரைவரைத் தொட மாட்டார். கொண்டு வந்தவரை உட்கார வைப்பார். “எப்ப நிண்டது? நிக்கேக்கை வீட்டில என்ன நடந்துகொண்டிருந்தது?” என்று கேட்பார். எல்லாரும் செட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தி, வீட்டைப் பற்றித்தான் கேட்டேன் என்பார். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்ததா, சன்னல் திறந்திருந்ததா, எந்த அறை, செட்டுக்கு மேலே என்ன இருக்கிறது. பிறகுதான் மூடியைக் கழற்றுவார். கழற்றியதும் மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்ப்பார். கருகிய ரெசிஸ்டருக்கு ஒரு வாடை, எண்ணெய் கசிந்த கெப்பாசிட்டருக்கு ஒரு வாடை, கரப்பான் பூச்சிக்கு ஒரு வாடை. எனக்கு எல்லாம் ஒரே வாடையாகத்தான் தெரிந்தது. அவருக்குத் தனித்தனியாகத் தெரியும்.

சத்தம் கூட்டினால் நிற்கும் செட்டுக்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் தடித்த சிமெண்டு ரெசிஸ்டர்களை இணைத்துத் தண்ணீர் பேசினில் போடுவோம். செட் தன் முழுப் பலத்தையும் அதில் கொட்டும். சத்தமே வராது, தண்ணீர்தான் சுடும். வால்யூம் கடைசிவரை திருப்பியிருக்கும், கடை மயான அமைதியாக இருக்கும். ஐயா உள்ளே உள்ள அலுமினியத் தகட்டில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார். சூடு ஏறி ஓர் அளவைத் தாண்டினால் தகட்டில் திருகியிருக்கும் தெர்மல் சுவிட்ச் செட்டை நிறுத்திவிடும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும் அந்தச் சுவிட்ச். ஆறிய பிறகுதான் மறுபடி ஓட விடும்.

நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் செட்டில் இருக்காது, வீட்டில்தான் இருக்கும். ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவர் தீபாவளிக்கு அறைக்கு ஒரு ஸ்பீக்கராக மாட்டி, குளியலறையிலும் ஒன்று மாட்டிவிட்டு, “செட்டு வீக்கு போல லா” என்று தூக்கிக்கொண்டு வந்தார். ஒரே குழாயிலிருந்து தெரு முழுக்கத் தண்ணீர் பிடித்தால் என்ன ஆகும் என்று ஐயா கேட்டார். குளியலறை ஸ்பீக்கரை மட்டும் கழற்றச் சொல்லாதீர்கள் என்று அந்த மனிதர் கெஞ்சினார். இன்னும் பல வீடுகளில் காரணம் வெறும் துணிதான். நம் பெண்கள் அந்தக் காலத்தில் எதையும் சும்மா விட மாட்டார்கள். டிவிக்கு ஒரு பின்னல் துணி, ஃபிரிட்ஜுக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று. ஊசியால் பின்னி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, செட்டின் தலையில் விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடியும் வைத்துவிடுவார்கள். சூடு வெளியே போக வழி ஏது? துணியை எடுங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டிருக்கிறது.

கிள்ளான் வீட்டுச் செட்டும் அப்படித்தான் முதலில் வந்தது. எண்பதுகளின் தொடக்கம். கொண்டு வந்தவர் பெயர் மோகன் என்று வைத்துக்கொள்வோம். போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. நெற்றியில் திருநீறு, பையில் எங்களுக்கு வடை. மெதுவான குரல். வட்டாரக் கோயிலில் திருவிழா வந்தால் மைக் பிடிப்பவர் அவர்தானாம். எனக்கு அந்த ஆளைப் பார்த்தவுடன் பிடித்துப்போனது.

“பூசைக்கு சாமிப் பாட்டு போடுவேன் ஐயா. நல்லா சத்தமா வச்சாத்தான் வீடு வீடா இருக்கும். ஆனா கரெக்டா முக்கியமான நேரத்துல நின்னுருது லா” என்றார்.

“முக்கியமான நேரமெண்டால்?” என்று ஐயா கேட்டார்.

“பூசை நேரம்தான் ஐயா.”

மேசையில் வைத்து, தண்ணீர் பேசினில் மாட்டி ஓட்டினோம். நிற்கவே இல்லை. கடையில் ஓடி வீட்டில் நிற்கும் செட் என்றால் வீட்டுக்குப் போக வேண்டும், அது ஐயாவின் சட்டம். நான் செட்டை வேனில் ஏற்றிக்கொண்டு பெடரல் ஹைவேயில் கிள்ளானுக்குப் போனேன். வரிசை வீடு. ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் சொந்தம். ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. ஆம்ப்ளிஃபையருக்குமேல் கேசட் டெக், இரண்டையும் சேர்த்து முக்காடு போட்டதுபோல வெள்ளைப் பின்னல் துணி. எனக்குச் சிரிப்பு வந்தது.

மோகன் வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரஸ்வதிதான் துணியை எடுத்து மடித்தாள். முப்பது வயதுகூட இருக்காது. நான் வழக்கமாகச் சொல்லும் பாடத்தைச் சொன்னேன். மேலே இருக்கும் இந்தத் துவாரங்கள் வழியாகத்தான் சூடு போகும், மூடினால் செட் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும், அந்தச் சிவப்பு விளக்கில் ‘புரொடெக்‌ஷன்’ என்று போட்டிருப்பது அதற்குத்தான் என்றேன்.

“நின்னா உடனே திரும்பப் போட முடியாதாண்ணே?” என்று கேட்டாள்.

“முடியாதும்மா. ஆறணும். அரை மணி நேரம்கூட ஆகும்.”

“தட்டினாலும் பாடாதா?”

“உடைச்சாலும் பாடாது” என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் மோகன் திரும்பி வந்தார். துணி இல்லை, ஆனாலும் நிற்கிறது. மேசையில் ஓட்டினோம், நிற்கவில்லை. நான் மறுபடி கிள்ளானுக்குப் போனேன். அவரும் வீட்டில் இருந்தார். ஒரு கேசட்டின் இரு பக்கமும் முழுச் சத்தத்தில் ஓட விட்டோம். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. செட் நிற்கவே இல்லை. “உங்களைக் கண்டா மட்டும் ஒழுங்கா இருக்கு பாருங்க” என்று அவர் என் தோளில் தட்டினார். சரஸ்வதி சமையலறை வாசலில் நின்று செட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூன்றாவது முறை செட்டைக் கொண்டு வந்தபோது வடை இல்லை. குரல் அதே மெது, ஆனால் தாடை இறுகியிருந்தது. “சின்ன விசயம் ஐயா. ஒரு பெட்டி. இதைச் சரி பண்ண முடியலன்னா சொல்லிடுங்க” என்று வைத்துவிட்டுப் போனார்.

எனக்குக் கோபம். செட்டில் ஒன்றும் இல்லை, இந்த ஆள் வேண்டுமென்றே அலைக்கழிக்கிறார் என்று புலம்பினேன். ஐயா மூடியைக் கழற்றி, குனிந்து, வெகுநேரம் மணந்துகொண்டு நின்றார்.

“மாணிக்கம், இங்க வாரும். மணந்து பாரும்.”

மணந்தேன். எனக்கு வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

“ஸ்திரிக்கை போட்ட உடுப்பு மணம். கஞ்சி சூடாகின மணம். தெரியேல்லையோ?”

சொன்ன பிறகு தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடும் வீட்டு வாடை. ஆம்ப்ளிஃபையருக்குள் அது எப்படி வரும்? ஐயா சாமணத்தை எடுத்து அலுமினியத் தகட்டின் இடுக்குகளில் நோண்டினார். நீல நூல் இழைகள் வந்தன. எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். நான் அந்த வீட்டிலிருந்து எடுக்கச் சொன்ன பின்னல் துணி வெள்ளை. இது நீலம்.

“டெக்குக்கும் இதுக்கும் இடையில இருக்கிற இடைவெளிக்க ஆரோ துணி வைக்கினம். பின்பக்கத்தால. முன்னுக்கு நிண்டு பார்த்தால் தெரியாது. நீர் போகேக்கை எடுத்துப்போடுகினம்” என்றார் ஐயா. “வீடு பத்தி எரியப்போகுது. போய்ப் பாரும். அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரமாப் போம்.”

கரண்ட் அளவு பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். கேட் திறந்த சத்தத்துக்கே பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மலாய்க்காரப் பெண்மணி வந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர், காக் ரொஹானி. காக் என்றால் மலாயில் அக்கா. நான் யார் என்று விசாரித்து, சரஸ்வதியோடு ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டார். ஆண் துணையில்லாத வீட்டில் அன்னியன் வந்ததற்காக என்று நினைத்தேன்.

அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிமிர்ந்தபோது நாற்காலியில் இஸ்திரிக்கு அடுக்கிய துணிக்குவியல் கண்ணில் பட்டது. அடியில் ஒரு நீலச் சாரம், ஆண்கள் கட்டும் கைலி, சதுரமாக மடித்தது. அதன்மேல் மங்கிய பழுப்பில் வரிசை வரிசையாகக் கோடுகள். ஆம்ப்ளிஃபையரின் துவாரங்கள் எப்படி இருக்குமோ அதே இடைவெளி, அதே நீளம். அச்சு எடுத்ததுபோல இருந்தது.

நான் அதைப் பார்ப்பதை சரஸ்வதி பார்த்துவிட்டாள்.

“அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே” என்றாள்.

“எதுக்கும்மா இப்படிப் பண்றே? வீடு எரிஞ்சிடும்.”

அவள் காக் ரொஹானியைப் பார்த்தாள். அவர்தான் மலாயில் சொன்னார், கோர்வையாக, வார்டில் நோயாளியைப் பற்றி டாக்டரிடம் சொல்வதுபோல. மோகன் இவளை அடிக்கும்போது சாமிப் பாட்டை வைப்பான். சினிமாப் பாட்டு என்றால் யாராவது வந்து குறைக்கச் சொல்லுவார்கள். சாமிப் பாட்டை யார் குறைக்கச் சொல்லுவது? இந்தத் தெருவில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இருக்கிறோம், ஒருத்தர் வழிபாட்டில் இன்னொருத்தர் தலையிட மாட்டோம். எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு நாள் பாட்டு பாதியில் நின்றது. இவள் குரல் கேட்டது. அதிலிருந்து பாட்டு எப்போது நின்றாலும் நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடி வந்து, ‘சரஸ், குலா அடா?’ என்று சீனி கேட்டுக் கத்துவேன். அவன் சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்து சிரித்தபடி கதவைத் திறப்பான். என்னிடம் இப்போது ஒரு டின் நிறைய இந்த வீட்டுச் சீனி இருக்கிறது.

“முத தடவை தானா நின்னுச்சுண்ணே, அந்தப் பின்னல் துணியால. நீங்க வந்து துணியை எடுக்கச் சொன்னீங்க. அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு” என்றாள் சரஸ்வதி. “பாட்டு நின்னாத்தான் காக்குக்குக் கேக்கும். அவர் குளிக்கப் போறப்ப பின்னாடி சொருகிடுவேன். நீங்க வர்றீங்கன்னா உருவிடுவேன்.”

போலீசுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். போயிருந்தாள். புருஷன் பெண்டாட்டி விசயம் என்று சொல்லி, மோகனையே கூப்பிட்டு, அவரோடு அனுப்பிவிட்டார்களாம். அம்மா வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அவர் தோளில் தட்டிய இடம் கூசியது. வடை தின்ற வாயைக் கழுவ வேண்டும்போல இருந்தது.

ஐயாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவருடைய கடையில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்பேர் செய்த செட்டைக் கொடுக்கும்போது கழற்றிய பழைய பாகத்தைத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, இதுதான் பழுது, இதனால் இது நடந்தது என்று விளக்கிச் சொல்லுவார். வாங்க விருப்பம் இல்லாதவருக்கும் கொடுப்பார். பழுதை மறைப்பதும், இல்லாத பழுதைச் சொல்வதும் அவருக்குத் திருட்டு. இந்தத் தொழிலில் அப்படி இருந்த ஒரே ஆள் அவர்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

“துணி வைக்கிறது சரிவராது. ஒரு நாள் பிடிபடுவா, இல்லையெண்டால் நெருப்புப் பிடிக்கும்” என்றார்.

பிறகு எழுந்துபோய்ப் பழைய பாகங்கள் கிடந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். அதில் சின்ன ரேடியோ செட்டுகளிலிருந்து கழற்றிய தெர்மல் சுவிட்சுகள் கிடந்தன. குறைந்த சூட்டிலேயே நிறுத்திவிடும் ரகம். ஒவ்வொன்றாகச் சுடுநீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்து, எது எப்போது மின்தொடர்பை விடுகிறது, எப்போது மறுபடி சேர்கிறது என்று பார்த்தார். சீக்கிரம் விட்டு, தாமதமாகச் சேரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மோகன் செட்டின் நல்ல சுவிட்சைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். அதுவும் அதன் பழைய இடத்தில் இல்லை, அதிகம் சுடும் டிரான்சிஸ்டருக்குப் பக்கத்திலேயே. திருகு ஓட்டையைப் புதிதாகத் துளைத்து, விளிம்பை அரத்தால் ராவி, கம்பெனியில் போட்டதுபோலவே செய்தார். அவர் செய்த எந்த வேலையையும்விட அது சுத்தமாக இருந்தது.

தண்ணீர் பேசினில் ஓட்டிப் பார்த்தோம். பாதி வால்யூம் வரை பிரச்சினை இல்லை. அதற்குமேல் திருப்பினால் இரண்டு பாட்டு முடிவதற்குள் ‘டொக்’. சிவப்பு விளக்கு எரிந்தது. ஐயா நாற்காலியில் உட்கார்ந்து, அது ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகன் வந்தார். தாளில் சுற்றிக் கொடுக்க ஐயாவிடம் எதுவும் இல்லை. அவர் கை மேசைமேல் எதையோ தேடுவதுபோல அசைந்ததைக் கண்டேன்.

“இந்தச் செட்டின்ர டிரான்ஸ்போர்மர் களைச்சுப்போச்சு. வேற கிடைக்காது. பாதிக்கு மேல கூட்டாதேங்கோ” என்றார்.

“பாதிக்கு மேல வைக்க முடியலன்னா அப்புறம் எதுக்குய்யா செட்டு?” என்றார் மோகன், சிரித்துக்கொண்டே.

“மெதுவாக் கேளுங்கோ. சாமிக்குக் காது கேக்கும்.”

பழுதை எடுப்பதற்கென்றே உட்கார்ந்த மேசையில் நாங்களே ஒரு பழுதை வைத்து அனுப்பினோம். எனக்கு அதில் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. ஐயாவுக்கு இருந்திருக்கும். அன்று அவர் மதியச் சாப்பாட்டைத் திறக்கவில்லை.

அந்தச் சின்னச் சுவிட்ச் சில வருடங்கள் தாங்கியது. கிள்ளான் பக்கம் ரிப்பேருக்குப் போனால் காக் ரொஹானி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துவேன். பாட்டு நிற்கிறது, நான் போகிறேன் என்பார். சில சமயம் சும்மா தலையை மட்டும் ஆட்டுவார். அடி நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். நீளவில்லை, அவ்வளவுதான். ஒரு மனிதனைத் திருத்த எங்களிடம் பாகம் எதுவும் இல்லை. 

பிறகு காலம் மாறியது. கோலாலம்பூரில் பெரிய பெரிய கடைகள் வந்தன. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த, பளபளவென்று விளக்கு ஓடும் செட்டுகள் வந்தன. ஒரு நாள் காலை மோகன் கடைக்குள் நுழைந்து அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரை மேசைமேல் வைத்தார்.

“உங்களுக்கே வச்சுக்குங்கய்யா, ஸ்பேர் பார்ட்சுக்கு ஆகும். புதுசு எடுத்துட்டேன். உள்ளயே ஃபேன் வச்சிருக்கான். நாள் பூரா ஃபுல்லா வச்சாலும் சூடே ஆகாது. செக் பண்ணித்தான் வாங்கினேன்” என்றார். முகம் நிறையச் சந்தோஷம்.

அவர் போன பிறகு ஐயா, “வானை எடும்” என்று வேனைக் கிளப்பச் சொன்னார். அவர் வேலைக்காகக் கடையைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததில்லை. கிள்ளான் வரை கூடவே வந்தார். காக் ரொஹானியின் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, நல்ல மலாயில், இனிப் பாட்டு நிற்காது, சத்தமாகப் பாட்டுக் கேட்டாலே போங்கள் என்று சொன்னார். அந்த அம்மாவும் போனார். கேட்டில் நின்று சீனி கேட்டார். ஆனால் மோகன் முட்டாள் இல்லை. அதன்பின் காலையும் மாலையும், அடிக்கிற நாளும் அடிக்காத நாளும் ஒரே சத்தத்தில் சாமிப் பாட்டு வைக்க ஆரம்பித்தார். கேட்டைப் பூட்டிக்கொண்டார். பூசை நடக்கிறது, பிறகு வாருங்கள் என்று உள்ளேயிருந்து கும்பிட்டார். எந்தப் பாட்டுக்குள்ளே அவள் குரல் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்?

ஐயா பழைய ஆம்ப்ளிஃபையரைப் பிரித்தார். நாங்கள் வைத்த சுவிட்சைக் கழற்றிவிட்டு, எடுத்து வைத்திருந்த நல்ல சுவிட்சை அதன் பழைய இடத்தில் மாட்டினார். விலைக்குக் கேட்டவர்களுக்குக் கொடுக்கவில்லை. சில மாதங்களில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அதன்பின் கடையை நான்தான் பார்த்துக்கொண்டேன். அடுத்த முறை கிள்ளானுக்குப் போனபோது மோகன் வீட்டில் வேறு ஆட்கள் குடியிருந்தார்கள். காக் ரொஹானியும் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அங்கே ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐயா கண்ணை மூடும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். 

‘கொமுட்டர்’ என்னும் மின்ரயில் ஓட ஆரம்பித்த புதிதில், கிள்ளானிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பெட்டியில் கூட்டம் இல்லை. எதிர்வரிசையில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. சரஸ்வதிதான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, “என்னம்மா, அடையாளம் தெரியுதா?” என்றேன். அவள் திரும்பவில்லை. மறுபடி கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமோ என்று எழுந்துபோகப் பார்த்தேன். என் நிழல் அசைந்ததும் சட்டென்று திரும்பினாள்.

“ரேடியோக்கார அண்ணனா! அந்தப் பக்கம் பேசாதீங்கண்ணே, அந்தக் காது போயிருச்சு. இந்தப் பக்கம் வாங்க” என்று நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இடம் மாறி உட்கார்ந்தேன். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் வேலை, தோழிகளோடு வாடகை அறை, மோகனைப் பார்த்துப் பல வருடமாகிறது என்றாள். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது காக் ரொஹானிதான் பக்கத்தில் இருந்தாராம். அங்கிருந்தே அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. ஐயா போய்விட்டார் என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாங்கள் வைத்த அந்தச் சுவிட்சைப் பற்றி அன்றுதான் அவளிடம் சொன்னேன். 

“நான் துணியே வைக்கலையே, எப்படி நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டே இருப்பேன்” என்றாள். “சாமிதான் நிறுத்துதுன்னு நினைச்சேன். புது செட்டு வந்தப்புறமும் அதையேதான் நம்புனேன். அன்னைக்குக் கீழ விழுந்து கிடந்தேன், பாட்டு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இதோ நிக்கும், இந்தப் பாட்டு முடியுறதுக்குள்ள நிக்கும்னு பார்த்துக்கிட்டே இருந்தேண்ணே. நல்ல செட்டு. நிக்கவே இல்ல.”